பால் பொங்கிய பக்கம்

மன்னார்குடியில் அந்தக் கார்த்திகையில் பால் திடீரென்று பேச ஆரம்பித்தது. அதுவரை காப்பிக்கும் தயிருக்கும் மட்டுமே பயன்பட்டுவந்த அப்பாவிப் பால் அது. இப்போது யாருக்கு விசா வரும், யாருக்கு முழங்கால் வலி தீரும், யார் வீட்டு அடுப்பை எங்கே மாற்ற வேண்டும் என்று சகலத்தையும் சொன்னது. எல்லாரிடமும் சொல்லாது. 'பால்திசைச் செம்மல்' பரணிதரன் காதில் மட்டும்தான் சொல்லும். மற்றவர்கள் அடுப்பில் அது பழையபடி வழிந்து, தீய்ந்த நாற்றம்தான் அடித்தது.

பேருந்து நிலையத்தில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அவருடைய ஃபிளெக்ஸ். நெற்றி நிறையத் திருநீறு, கையில் பித்தளைப் பானை, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். ஒளிவட்டம் பிரிண்ட் போட்ட கடைக்காரர் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தது. கீழே கொட்டை எழுத்தில், 'உங்கள் அடுப்பு எந்தத் திசையோ, உங்கள் வாழ்வும் அந்தத் திசை! பால் பொய் சொல்லாது!'

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கல்யாண மண்டபத்தில் அவருடைய தரிசனம். கீழ்வேளூரிலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்து ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஒரு செல்போன். செல்போனில் அவரவர் அடுப்படியின் படம். டாக்டரிடம் எக்ஸ்ரேயைக் காட்டுவதுபோல அதைப் பயபக்தியோடு நீட்டினார்கள். மகனுக்குச் சிங்கப்பூர் வேலை தட்டிப்போகிறது என்று ஒருவர் சொன்னார். கேஸ் சிலிண்டரை இடம் மாற்றச் சொன்னார் செம்மல். மருமகள் பேச்சுக் கேட்கவில்லை என்றாள் ஓர் அம்மாள். பாத்திரம் கழுவும் தொட்டியைப் பெயர்க்கச் சொன்னார். வயலில் புகையான் பூச்சி விழுந்து பயிர் காய்கிறது என்று ஒரு விவசாயி அழாத குறையாகச் சொன்னார். செம்மல் கண்ணை மூடித் திறந்தார்.

"புகையான்ங்கிற பேர்லயே புகை இருக்கு பாருங்க. புகை எங்கேருந்து வருது? அடுப்புலேருந்து. அடுப்பை மாத்துங்க, புகையான் போயிடும்."

மண்டபம் சிலிர்த்தது. இத்தனை காலம் மருந்து அடித்தவர்கள் எல்லாம் மடையர்கள் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. வயலில் இருக்கிற பூச்சிக்கு வீட்டு அடுப்பு எங்கே இருக்கிறதென்று யார் போய்ச் சொன்னார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பின்னால் நின்றவர்களே அடித்திருப்பார்கள்.

வீட்டுக்கே வந்து பார்ப்பது தனி மரியாதை. அதற்குத் தனித் தட்சணை. தன்னுடைய பித்தளைப் பானையை மஞ்சள் பட்டில் சுற்றி எடுத்து வருவார். வேறு கை அதில் படக்கூடாது. பாலை ஊற்றி அடுப்பில் வைப்பார். கிழக்கே பொங்கி வழிந்தால் சொத்து. வடக்கே வழிந்தால் குபேரன். மேற்கே வழிந்தால் கல்யாணம். தெற்கே வழிந்தால் எமன். கையில் கொஞ்சம் காசு புரளுகிற வீடுகளில் எல்லாம் பால் தெற்கே வழிந்ததுதான் ஆச்சரியம். ஒரு கவுன்சிலர் வீட்டில் மட்டும் வடக்கே பொங்கியது. பாலுக்கு அரசியலும் தெரியும் போலிருக்கிறது.

இந்தப் பால் வெள்ளம்தான் கடைசியில் பொன்னி நகர் குந்தவையின் வீட்டுக்குள்ளும் புகுந்தது.

பொன்னி நகர் என்றால் பயந்துவிட வேண்டாம். போன தலைமுறை வரை அது நாற்றங்கால். மண் அடித்து மேடாக்கி, கல் நட்டு, 'நகர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மழை பெய்தால் தவளைகள் மட்டும் பழைய முகவரிக்கே வந்துவிடும். அங்கே கடைசி வீடு செந்தில்குமாருடையது. கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கிறார். அவர் மனைவிதான் குந்தவை. வீட்டுக்குத் தெற்கே வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய வரை சம்பா வயல்.

அந்த வயலைக் குந்தவை சமைக்கும்போது பார்த்ததே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அடுப்படியில் பார்த்ததெல்லாம் ஒரு சுவர். கரி ஏறிய, எண்ணெய் வழிந்த, பல்லி ஓடுகிற சுவர். அவள் பொரித்த அப்பளமும் வடித்த சோறும் அந்தச் சுவருக்கு எதிரில்தான். மகள் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போன பிறகு, அடுப்படியை இடித்துக் கட்டுவது என்று முடிவானபோது, செந்தில்குமார் பெரிய மனது பண்ணி, "உனக்கு என்னென்ன வேணுமோ சொல்லு" என்றார்.

"ஒரே ஒரு ஜன்னல் வேணுங்க. அடுப்புக்கு நேரா, வயலைப் பாத்து."

"அவ்வளவுதானா? சிம்னி, லாஃப்ட், மாடுலர் அது இதுன்னு எதுவும் வேணாமா?"

"ஜன்னல் போதும். மிச்சத்த நீங்க உங்க இஷ்டத்துக்குப் போட்டுக்கங்க."

வேலை ஆரம்பித்தது. அடுப்படியை இடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இடிபடுவது அடுப்படி மட்டுமல்ல. கேஸ் அடுப்பு கார் ஷெட்டுக்குப் போனது. ஃப்ரிட்ஜ் படுக்கையறைக்குப் போனது. மிளகாய்த்தூள் டப்பா சாமி அலமாரிக்குப் போனது. விபூதித் தட்டு எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை. கொத்தனார் ஒரு முகூர்த்தம் தவறாமல் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனார். டைல்ஸ் வெள்ளையா சந்தன நிறமா என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. பைக்குக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்து, சாரல் அடித்தால் குடை பிடித்துக்கொண்டு குந்தவை இட்லி அவித்தாள். ஒருநாள் ரசத்தில் எதையோ நறநறவென்று கடித்த செந்தில்குமார், "என்னடி இது, எம்-சாண்டா?" என்றார். "பொறுத்துக்கங்க. அதுவும் காவேரி மணல் மாதிரிதான்" என்றாள் அவள்.

ஒருவழியாக முடிந்தது. தெற்குச் சுவரை ஒட்டிக் கறுப்புக் கல் மேடை. மேடைக்கு மேலே அகலமான ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பச்சை. கொக்குகள் இறங்குவதும் எழும்புவதும் அங்கேயிருந்து தெரிந்தது. குந்தவை ஈர மேடையின் முன்னால் வெறுங்கையோடு நின்று, இல்லாத தோசையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பால் காய்ச்சிக் குடி புகுந்துவிட வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் நாத்தனார் வந்து இறங்கினாள். செந்தில்குமாரின் அக்கா தர்மாம்பாள், கீழ்வேளூரில் வாழ்க்கைப்பட்டவள். வாசல்படி ஏறியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜன்னலைப் பார்த்தாள். மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

"தெக்குப் பக்கமா? டேய் செந்திலு, எமன வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறியாடா?"

"அண்ணி, அது வயல் இருக்கிற பக்கம்" என்றாள் குந்தவை.

"வயலுக்கு அந்தப் பக்கம் யாரு இருக்கா? எமன். செம்மல் வந்து பாக்காம இங்க ஒரு சொட்டுப் பால் காயக்கூடாது, ஆமா."

அக்கா சொல்லைத் தட்டாத தம்பி செந்தில்குமார். செம்மல் வந்தார்.

தனியாக வரவில்லை. வீடியோ பிடிக்க ஓர் ஆள். கூடவே மச்சான் தமிழ்மாறன், கிரானைட் கடை வைத்திருப்பவர். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு லத்தீஃபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு குந்தவை பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கணவர் சேக் தாவூது குவைத்தில் இருக்கிறார். ஊரில் வீட்டைக் கட்டிக் காப்பது அவள்தான்.

கேஸ் அடுப்பை ஷெட்டிலிருந்து மேடைக்குத் தூக்கி வந்து வைத்தார்கள். செம்மல் பட்டைப் பிரித்தார். பானை பளபளத்தது. கழுத்தில் மஞ்சள் நூல். நூலுக்குக் கீழே ஒரே ஒரு குங்குமப் பொட்டு. பொட்டு ஜன்னலைப் பார்க்கும்படி பானையை வைத்து, "பானைக்கு முகம் உண்டு. அது ஆகாசத்தைப் பாக்கணும்" என்றார். பாலை ஊற்றினார்.

அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை. அதற்குள் மச்சான் தமிழ்மாறன் கிழக்குச் சுவரில் டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தார்.

குந்தவைக்குச் சுருக்கென்றது. பால் இன்னும் காயவே இல்லை. எந்தப் பக்கம் பொங்கும் என்று பாலுக்கே தெரியாது. கிழக்குச் சுவரில் மேடை வரப்போகிறது என்று இவருக்கு எப்படித் தெரிந்தது?

பால் பொங்கியது. பானையின் வாய் முழுவதும் நுரை எழும்பி வந்தது. ஆனால் விளிம்பைத் தொட்டதும், ஏதோ கூச்சப்பட்டதுபோல ஓரங்களில் பின்வாங்கிப் பின்வாங்கி அடங்கியது. பொட்டு இருந்த இடத்தில் மட்டும் தயக்கமில்லாமல் ஏறி, தெற்கே, ஜன்னல் பக்கமாக வழிந்தது.

"எமதிசை!" என்று கூவினார் செம்மல். "அண்ணன் தம்பிகளே, தாய்மார்களே, பாருங்க! எமன் ஜன்னல் வழியாத்தான் வரப்போறான்!"

தர்மாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். செந்தில்குமார் முகம் வெளுத்தது. குந்தவையின் கை மட்டும், மனத்தின் உத்தரவுக்குக் காத்திராமல், பழக்கத்தில் கரித்துணியோடு பாய்ந்தது. புது மேடை அல்லவா! மேடையைத் துடைத்து, பானையின் விளிம்பையும் ஓர் இழுப்பு இழுத்துவிட்டாள்.

"தொடாதீங்கம்மா!" செம்மல் போட்ட சத்தத்தில் வாய்க்காலில் இருந்த கொக்கு எழும்பிவிட்டது. "வீட்டுத் தீட்டு பானைக்கு ஏறிடும்!"

தீர்ப்பு சொல்லப்பட்டது. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும். மேடையை இடித்துக் கிழக்குச் சுவருக்கு மாற்ற வேண்டும். புதிய கல் சாதாரணக் கல்லாக இருக்கக்கூடாது. மந்திரித்த கல்லாக இருக்க வேண்டும். அது எங்கே கிடைக்கும்? உலகத்திலேயே ஒரே கடையில்தான் கிடைக்கும். மச்சான் டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கெழக்குச் சொவத்துக்கு அந்தப் பக்கம் கக்கூஸுங்க" என்றாள் குந்தவை.

"அதுக்கு என்னம்மா? எமனவிடவா கக்கூஸு கெட்டது?"

கூட்டம் சிரித்தது. குந்தவை சிரிக்கவில்லை. இனி ஆயுசுக்கும் கக்கூஸ் சுவரைப் பார்த்துத்தான் சமைக்க வேண்டும் என்பது அவளுக்கு மட்டும் விளங்கிவிட்டது.

எல்லாரும் போன பிறகு கரித்துணியை அலசப் போனவள், அதை மூக்கருகே கொண்டுபோனாள். பால் வாடை. அதற்கு மேலே இன்னொரு வாடை. துணியை லத்தீஃபாவிடம் நீட்டினாள்.

"மோந்து பாரு."

"நெய்யி" என்றாள் லத்தீஃபா யோசிக்காமல். "பாயசமா வச்சாரு? வெறும் பாலுதானே காச்சுனாரு?"

குந்தவை துணியை வாங்கி இன்னொரு தரம் மோந்தாள். பானை விளிம்பில் நெய் தடவினால் பால் பொங்கி வழியாது. இது யாருக்குத் தெரியாது? நாள் காட்டியைக் கிழித்தால் பின்பக்கத்தில் போட்டிருக்கும். பால் பாயசம் வைக்கிற நாளெல்லாம் அவளே தடவுகிறாள். தர்மாம்பாளும் தடவுகிறாள். மண்டபத்தில் பயபக்தியோடு வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் தடவுகிறவர்கள்தான். சாமியார் அடுப்பில் வைத்தால் மட்டும் நெய் தன் குணத்தை மறந்துவிடும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"ஒங்க வீட்டுல எப்படி வழிஞ்சுது?" என்று கேட்டாள்.

லத்தீஃபா வீட்டு மேடையும் இதே பாலுக்குப் பலியானதுதான். "பாலுக்குச் சாதி மதம் கிடையாது" என்று சொல்லி அங்கேயும் இடிக்க வைத்திருந்தார் செம்மல். இடம் மாறிய மேடை முட்டுவதால் இப்போது அவள் ஃப்ரிட்ஜ் கதவு பாதிதான் திறக்கும். முழுத் தர்பூசணி வாங்கினால் வெளியிலேயே வெட்டித்தான் உள்ளே தள்ள வேண்டும்.

"முஸ்லிம் வீடுன்னு குங்குமத்துக்குப் பதிலா சந்தனப் பொட்டு வச்சாரு அக்கா. அதான் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்தச் சந்தனத்து மேலதான் பாலு ஓடுச்சு." சொல்லிவிட்டு லத்தீஃபா வாயைப் பொத்திக்கொண்டாள். "யா அல்லா! பொட்டு இருக்கிற பக்கம் மட்டும் நெய்யி இல்லியா?"

அடுப்பு மறுபடி கார் ஷெட்டுக்கே போயிருந்தது. இரண்டு பேரும் அங்கே ஓடினார்கள். எவர்சில்வர் குண்டானின் விளிம்பில் நெய் தடவி, ஓரிடத்தை மட்டும் விட்டு, பாலை ஏற்றினார்கள். பால் சொன்ன பேச்சைக் கேட்டது. விட்ட இடத்தில் வழிந்தது. பைக்கைப் பார்த்துத் திருப்பி வைத்தால் பைக் பக்கம். சைக்கிளைப் பார்த்துத் திருப்பினால் சைக்கிள் பக்கம். "அக்கா, ஒங்க வண்டிக்குக் கல்யாண யோகம் வந்துருச்சு" என்று லத்தீஃபா சிரித்த சிரிப்பில் அவளுக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதில் பாதி, இடித்துப்போட்ட மேடைக்காக.

சாப்பிடும்போது குந்தவை கணவரிடம் சொன்னாள். செந்தில்குமார் கேட்டார், தலையாட்டினார், பிறகு உலகத்து மூடநம்பிக்கை எல்லாம் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும் அந்தப் பொன்னான வாக்கியத்தைச் சொன்னார்.

"நீ சொல்றது சரியா இருக்கலாம். ஆனா ஒருவேள நெசமா இருந்துட்டா?"

"ஏங்க, ஒங்க கடைக்கு வர்றவங்ககிட்ட நீங்க என்ன சொல்வீங்க? வெத நெல்ல ஒரு பிடி ஊறவச்சு, மொளைக்குதான்னு பாக்காம வயல்ல தெளிக்காதேன்னு சொல்றீங்களா இல்லியா?"

"அது நெல்லு. வெதைக்கிறதுக்கு முன்னாடி பாத்துத்தான் ஆகணும்."

"இடிக்கிறதுக்கு முன்னாடியும் பாத்துத்தான் ஆகணும். நான் ஒரு தடவ பாக்குறேன். தோத்துட்டா நானே மொதச் செங்கல்ல எடுத்துக் குடுக்குறேன். அவரு தோத்தா ஜன்னல் என்னோடது."

செந்தில்குமார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில், "அக்கா மனசு நோகாம பாத்துக்க" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள் குந்தவை.

திசை மாற்றும் நாள் வந்தது. ஜன்னலுக்குக் கீழே செங்கல் அடுக்கியாகிவிட்டது. வாசலில் மந்திரித்த கல் குட்டியானைச் சரக்கு வண்டியில் காத்திருந்தது. அதில் ஓர் ஓரத்தில் 'சேதாரம், திரும்பப் பெற முடியாது' என்று சாக்பீஸால் எழுதியிருந்தது, மந்திரமாக இருக்கும். கூட்டம் அடுப்படியில் கொள்ளாமல் கூடம் வரை நின்றது. வீடியோ ஆள் நேரலையைத் தட்டிவிட்டான்.

"இன்னைக்கி எமனுக்கு விடை குடுக்கிற பால்!" என்று முழங்கினார் செம்மல். "வந்த வழியே, தெக்காலயே, அவன் போறதை நீங்க கண்ணால பாப்பீங்க!"

பானை மேடையேறியது. பொட்டு ஜன்னலைப் பார்த்தது. பால் சூடேறியது. செம்மல் கண்களை இறுக மூடி, உரக்க மந்திரம் சொன்னார். அந்த மந்திரத்தின் பாதி, மளிகைச் சாமான் பட்டியல்போலக் கேட்டது.

குந்தவை பிடிதுணியை எடுத்தாள். பானையை இரண்டு கையாலும் பிடித்தாள். சத்தமில்லாமல் அரை வட்டம் திருப்பி வைத்தாள். பொட்டு இப்போது வடக்கே, நேராகச் செம்மலின் வயிற்றைப் பார்த்தது.

கூடியிருந்தவர்கள் மூச்சை இழுத்தார்கள். வாய் திறக்கப்போன தர்மாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டார் செந்தில்குமார்.

பால் எழும்பியது. தெற்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வடக்கே வழிந்து, மேடையைத் தாண்டி, செம்மலின் சலவை வேட்டியில் சுடச்சுட இறங்கியது. மந்திரம் 'ஐயோ' என்று முடிந்தது.

ஆனால் தொழில் தெரிந்தவர் அல்லவா! வேட்டியை உதறிக்கொண்டே கையை உயர்த்தினார்.

"குபேரன்! வடக்கு! என் மந்திரத்துக்கு எமன் ஓடிட்டான், குபேரன் வந்துட்டான்!"

என்ன சொல்வது? கூட்டத்தில் பாதி கன்னத்தில் போட்டுக்கொண்டது. பானை திருப்பப்பட்டதைக் கண்ணால் பார்த்த அதே பாதிதான்.

"ரொம்ப சந்தோஷம் சாமி" என்றாள் குந்தவை பணிவாக. "எமன் போயிட்டான்ல? அப்ப ஜன்னலை அடைக்க வேணாம்ல?"

செம்மல் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். "கல்லு ஏத்தியாச்சு மாமா" என்று மச்சான் முணுமுணுத்தது நேரலையில் தெளிவாகக் கேட்டது.

"அடைக்கணும்மா! எமன் உள்ள வராம இருக்க அடைக்கச் சொன்னேன். இப்ப வந்த குபேரன் வெளிய போயிடாம இருக்க அடைக்கணும்!"

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மெல்ல முன்வரிசை வரை வந்தது.

"எமன் வந்தாலும் அடைக்கணும், குபேரன் வந்தாலும் அடைக்கணும். தென்றல் எந்தப் பக்கத்துலேருந்து சாமி வருது? தெக்குலேருந்துதானே? அதுவும் எமன் ஊதுறதா?" என்றாள் குந்தவை. "சரி, கல்யாணம் யாருக்கு வேணும்?"

"எங்க தம்பி ஆஸிமுக்குப் பொண்ணு பாக்குறோம்க்கா!" என்றாள் லத்தீஃபா, கையில் தயாராக வைத்திருந்த பாலைப் பானையில் ஊற்றியபடி.

குந்தவை பொட்டை மேற்கே திருப்பினாள். பால் மேற்கே வழிந்தது. "ஆஸிமுக்குக் கல்யாணம். அடுத்து சொத்து யாருக்கு?" கிழக்கே திருப்பினாள். கிழக்கே வழிந்தது. இப்போது கூட்டமே கேட்டு வாங்க ஆரம்பித்தது. "எனக்கு வடகிழக்கு வைங்கக்கா!" "எங்க மாமியாருக்குத் தெக்கு!"

"பானையைத் தொடாதே! முகம் திரும்புனா தெய்வக் குத்தம்!" செம்மல் பாய்ந்தார். செந்தில்குமார் நடுவில் வந்து நின்றார். உரக்கடையில் மூட்டை தூக்கிய தோள்.

"இருங்க சாமி. மொளைப்பு பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார்.

குந்தவை பானையைப் புதுத் தொட்டிக்குக் கொண்டுபோனாள். மிச்சப் பாலை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, புளியும் பவுடரும் போட்டு, விளிம்பைச் சுற்றித் தேய்த்துக் கழுவினாள். அந்தத் தொட்டியில் கழுவிய முதல் பாத்திரம் அதுதான். தண்ணீரின் மேல் நெய் கண் கண்ணாக மிதந்ததை முன்னால் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கழுவிய பானையில் மறுபடி பாலை ஏற்றினாள். பொங்கியது. கிழக்கு மேற்கு என்று பார்க்கவில்லை. சுற்றிலும், எட்டுத் திசையிலும், பொட்டை நனைத்துக்கொண்டு கொட்டியது.

"பால் பொய் சொல்லாதுதான் சாமி. பானைதான் சொல்லுது. பாயசத்துக்கு நாம வெளிம்பு பூரா நெய் தடவுவோம். இவரு கொஞ்சம் எடத்த விட்டுட்டுத் தடவுறாரு. இதுக்குப் பேரு மந்திரமா, சமையல் குறிப்பா?"

சிரிப்பு வெடித்தது. ஆனால் தர்மாம்பாள் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். அவள் குரல் முதலில் தாழ்ந்துதான் வந்தது.

"அப்ப என் கொல்லக் கதவு?"

செம்மல் மஞ்சள் பட்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"கீவளூர்ல என் கொல்லக் கதவை அடைக்கச் சொன்னியே. அடைச்சேன். மாட்டுக்குத் தண்ணி காட்ட, தெருவச் சுத்திப் போறேன். துணி காயப்போட, தெருவச் சுத்திப் போறேன். முட்டி தேஞ்சு போச்சு. முட்டி வலிக்குதுன்னு ஒன்கிட்டயே வந்தேன். அதுக்கும் ஒரு சொவத்த இடிக்கச் சொன்னியேடா, படுபாவி!"

குந்தவைக்கு நெஞ்சு கலங்கிவிட்டது. இத்தனை நாள் எதிரியாக நினைத்த நாத்தனார், அவளுக்கு முன்னாலேயே ஏமாந்து, அவளைவிட அதிகமாக நடந்தவள்.

தர்மாம்பாள் குனிந்து ஒரு செங்கல்லை எடுத்தாள். அதை எதற்கு எடுத்தாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமை செம்மலுக்கு இல்லை. அந்த வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். வாய்க்கால் மதகைத் தாண்டி, தெற்கே, எமதிசையிலேயே ஓடினார். எமன் அவரைத் தொடவில்லை. சம்பா வயலின் சேறுதான் முழங்கால் வரை பிடித்துக்கொண்டது. வீடியோ ஆள் ஜன்னல் வழியாக அத்தனையையும் நேரலையில் காட்டினான். அந்தச் சேனலை அவ்வளவு பேர் அதற்கு முன் பார்த்ததில்லையாம். மச்சான் குட்டியானையில் ஏறிக்கொண்டு, சேதாரக் கல்லோடு சேதாரமில்லாமல் தப்பித்தார்.

பானை இங்கேயே நின்றுவிட்டது. காய்ந்த பால் வீணாகக்கூடாது என்று அதிலேயே பாயசம் வைத்தார்கள். இந்த முறை விளிம்பு முழுக்க நெய் தடவினாள் குந்தவை. தெருவே நின்று குடித்தது. அடுக்கியிருந்த செங்கல்லை லத்தீஃபா வாங்கிக்கொண்டாள். அவள் மேடையைப் பழைய இடத்துக்கே கொண்டுபோக வேண்டும், ஃப்ரிட்ஜ் கதவு முழுசாகத் திறக்க வேண்டும். தர்மாம்பாள் அன்றைக்கே கிளம்பிவிட்டாள். "கடப்பாரை ஒன்னு குடுடா, கொல்லக் கதவை நானே தொறக்குறேன்" என்று தம்பியிடம் வாங்கிக்கொண்டு, அதோடு பஸ் ஏறினாள். கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லையாம். முகத்தைப் பார்த்திருப்பார்.

மறுநாள் காலை குந்தவை ஜன்னலுக்கு நேராக நின்று தோசை வார்த்தாள். வெளியே தூறல். வயலில் கொக்குகள். முதல் தோசை தீய்ந்துவிட்டது. அவள் கண் தோசைக்கல்லில் இல்லை. செந்தில்குமார் தீய்ந்த தோசையை முழுசாகத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு ஜன்னல்" என்றார்.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த வாரமே பேருந்து நிலையத்தில் புது ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. மிக்ஸி ஓடுகிற சத்தத்தை வைத்துக் குடும்பத்தின் எதிர்காலம் சொல்கிறாராம் ஒருவர். ஒளிவட்டம் அதே கடையில் போட்டதுதான். கீழே நிற்கிற வரிசையில் பாதிப் பேர், குந்தவை வீட்டில் பாயசம் குடித்தவர்கள்.

அவர்களைக் கண்டால் இதைச் சொல்லுங்கள். பானையின் விளிம்பில் நெய்யைத் தடவினால் பால் வெளியே வராது. வாயின் விளிம்பில் பயத்தைத் தடவினால் கேள்வி வெளியே வராது. முதலில் வாயைத் துடையுங்கள். பிறகு பானையைத் திருப்புங்கள்.